டைப்ரைட்டரில் பூ ஏன் வரைந்தார்கள்?

கேள்வி இது: "தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்புக்குச் சமூக, பண்பாட்டு வரலாறு என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு பொருளின் வடிவத்தை அதன் வேலைதானே தீர்மானிக்கிறது? நாற்காலி உட்கார, கெட்டில் வெந்நீர் போட. இதில் சமூகம் எங்கே வந்தது?"

வேலை ஓர் எல்லையைப் போடும், அவ்வளவுதான். உட்கார முடியாத நாற்காலியை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் உட்காரக்கூடிய நாற்காலியை ஆயிரம் விதமாகச் செய்யலாம். அந்த ஆயிரத்தில் எது தொழிற்சாலைக்குப் போகிறது, எது வரைபடத்தோடு நின்றுவிடுகிறது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கின் நடுவில் ஒரு கற்பனை ஆள் இருக்கிறார். "இதை இன்னார்தான் வாங்குவார், இப்படித்தான் பயன்படுத்துவார், இவருடைய வேலை குறைந்தால் போதும்" என்று தயாரிப்பாளர் மனதில் வைத்திருக்கும் ஆள். பொருள் வடிவமைப்பின் சமூக வரலாறு என்பது என் பார்வையில் இந்தக் கற்பனை ஆளின் வரலாறு. நிஜ மனிதர்கள் வந்து அவரைப் பொய்யாக்கிய கதைகளும் அதில் சேர்த்தி.

1874இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ்-கிளிடன் டைப்ரைட்டரையே பாருங்கள். தயாரித்தது ரெமிங்டன், அடிப்படையில் துப்பாக்கிக் கம்பெனி. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு தையல் மெஷினும் செய்யத் தொடங்கியிருந்தது. டைப்ரைட்டரை அந்தத் தையல் மெஷின் பிரிவிடமே கொடுத்தார்கள். விளைவு, தையல் மெஷினுக்கு இருப்பது போலவே வளைந்த இரும்புக் கால்கள், கீழே ஒரு மிதி. வரி முடிந்ததும் அதை மிதித்தால் உருளை பழைய இடத்துக்குத் திரும்பும். கறுப்பு உடம்பில் வண்ண வண்ணமாகப் பூக்கள். பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும். எழுத்துக் கம்பிகள் உருளையின் அடிப்பக்கத்தில் போய் அடித்ததால், அடிப்பவருக்குத் தான் என்ன அடித்தோம் என்பதே அப்போதைக்குத் தெரியாது!

கால்களும் மிதியும் பட்டறையில் கைவசம் இருந்தவை, சரி. பூவுக்கு என்ன காரணம்? எந்திர ரீதியாக ஒன்றுமே இல்லை. இது பயமுறுத்தும் இரும்பு இல்லை, வீட்டு முன்னறையில் நிற்கக்கூடிய பண்டம், பெண்களும் தொடலாம் என்று அந்தப் பூ சொல்கிறது. அதுவரை அலுவலக எழுத்தர் என்றால் ஆண்தான். எழுத்தராகச் சேர்ந்தவர் முதலாளியாகக்கூட உயரலாம். 1900 வாக்கில் அமெரிக்காவில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ வேலைகளில் முக்கால் பங்கு பெண்கள். மேலே ஏற ஏணி இல்லாத வேலையாகவும் அது மாறியிருந்தது. இதை மெஷின் மட்டும் செய்யவில்லை. அலுவலகங்களில் காகிதம் பெருகியது, படித்த பெண்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். மெஷினின் தோற்றம் அந்த ஏற்பாட்டை இயல்பானதாகக் காட்டியது.

இன்னும் நூறு வருடம் பின்னால் போனால் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட். பீங்கான் பாத்திரக்காரர். 1769இல் எட்ரூரியா என்று பெயரிட்டுத் தொழிற்சாலை திறந்தார். அவருக்கு முன்பு சட்டியைத் திரிப்பவரின் கையிலேயே அதன் வடிவமும் இருந்தது. சூளைக்குச் சூளை நிறமும் மாறும். வெட்ஜ்வுட் விற்க நினைத்தது மாதிரியையும் படத்தையும் காட்டி. 1774இல் படங்களோடு கேட்டலாக்கே போட்டார். தூரத்தில் இருப்பவர் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், வந்து இறங்கும் தட்டு அந்தப் படம் போலவே இருந்தாக வேண்டும். அப்படியானால் சட்டி செய்பவர் தன் கைபோன போக்கில் எதையும் மாற்றக் கூடாது. வடிவத்தைத் தீர்மானிக்கத் தனி ஆள், செய்வதற்குத் தனி ஆள். அந்தத் தனி ஆள்களில் ஒருவர் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி. வடிவமைப்பாளர் என்ற தொழிலுக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது. மறுபக்கம், தொழிலாளிக்கு வேலை தொடங்க மணி அடித்தார்கள், வந்த நேரத்தைக் குறித்தார்கள். ஒரே மாதிரி தட்டு வேண்டுமென்றால் ஒரே மாதிரி வேலை செய்யும் மனிதனும் வேண்டும் என்று வெட்ஜ்வுட் வெளிப்படையாகவே நினைத்தார்.

இவ்வளவு புதிய முறையில் செய்த பாத்திரங்களின் தோற்றமோ பழைய கிரேக்க, ரோமானியச் சாயல்! புதிதாக வரும் தொழில்நுட்பம் பழைய உடையில் வருவது பிறகும் பல முறை நடக்கும். அதே வெட்ஜ்வுட் 1787இல் அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு சின்னப் பதக்கம் செய்தார். சங்கிலியால் கட்டப்பட்ட மனிதர் மண்டியிட்டு "நானும் மனிதன் இல்லையா, உன் சகோதரன் இல்லையா" என்று கேட்கும் உருவம். பெண்கள் அதை வளையலில் பதித்துக்கொண்டார்கள், கொண்டையில் ஊசியாகக் குத்திக்கொண்டார்கள். தொழிலாளியை மணியடித்து வேலை வாங்கிய அதே தொழிற்சாலையில் இருந்து இதுவும் வந்தது. வரலாறு இப்படித்தான் கலந்து கிடக்கும், நல்லவர் கெட்டவர் என்று பிரித்து வைக்க வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகையில் நடந்த பெருங்கண்காட்சிக்கு அறுபது லட்சம் வருகைகள் பதிவாயின. கண்காட்சியை நடத்திய ஹென்றி கோல், மக்களின் ரசனை கெட்டுக் கிடக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த ஆண்டே ஓர் அருங்காட்சியக அறையில் 'தவறான' வடிவமைப்புகளை அடுக்கி வைத்தார்: நிஜம் போலப் பூ அச்சடித்த துணிகள், சுவர்த்தாள்கள் இப்படி. கூட்டம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் தங்கள் சரக்கு அங்கே தொங்குவதைப் பார்த்த உற்பத்தியாளர்கள் சண்டைக்கு வர, அறையைச் சீக்கிரமே மூடினார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். 'நல்ல வடிவமைப்பு' என்று யாராவது பேசினால், யாருடைய ரசனையைத் திருத்தக் கிளம்பியிருக்கிறார்கள் என்று இன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் கதை வேறு விதம். எந்திர உற்பத்தி தொழிலாளியின் மகிழ்ச்சியைப் பறித்துவிட்டது என்று கைவினைக்குத் திரும்பினார். கையால் செய்ததால் விலை ஏறியது, வாங்கியவர்கள் பணக்காரர்கள். சோஷலிஸ்டான அவருக்கே அது உறுத்தியது. அதே காலத்தில் சத்தமில்லாமல் மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் 14ஆம் எண் நாற்காலியைச் செய்தார். ஆவியில் வளைத்த மரம், ஆறு துண்டுகள், பத்துத் திருகு, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். எளிய வடிவத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கண்காட்சியும் கொள்கையும் செய்யாததை, கப்பல் சரக்குக் கட்டணம் செய்தது.

அடுத்து ஜெர்மனி. 1907இல் மின்சாதன நிறுவனமான ஏ.ஈ.ஜி, பீட்டர் பெரென்ஸ் என்ற ஓவியர்-கட்டடக் கலைஞரைச் சேர்த்துக்கொண்டது. நிறுவனத்தின் எழுத்துரு, விளம்பரம், விளக்கு, தொழிற்சாலைக் கட்டடம் எல்லாமே அவர் பொறுப்பு. நவீனத் தொழில் வடிவமைப்பின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஆள். 1909இல் அவர் செய்த மின்சாரக் கெட்டில்களைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அடிப்படை வடிவம் மூன்று, அளவு மூன்று, உலோகமும் மேற்பரப்பும் விதவிதம். மூடியையும் கைப்பிடியையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் எண்பதுக்கு மேல் வகைகள் வரும். விற்பனைக்கு விட்டது சுமார் 30. கொஞ்சம் உறுப்புகளை வைத்து நிறையத் தேர்வு காட்டும் இந்த உத்தி இன்றைக்கும் ஓடுகிறது. சில கெட்டில்களின் மேல் சுத்தியலால் தட்டியது போன்ற குழிகள் இருக்கும். எந்தக் கொல்லரும் தட்டவில்லை, எந்திரம் போட்டவை. கைப்பிடியில் பிரம்பு சுற்றியிருக்கும். நவீனத்தின் தந்தையே வாங்குபவர் கூச்சப்படாமல் இருக்கக் கைவேலை வேஷம் போட்டிருக்கிறார்.

அப்புறம், மின் நிறுவனம் ஏன் கெட்டில் விற்க வேண்டும்? மின் நிலையங்களின் பணமெல்லாம் ராத்திரி விளக்கில்தான் இருந்தது. பகலில் எந்திரங்கள் சும்மா நின்றன. பகலிலும் மின்சாரம் செலவாக வேண்டும் என்றால் கெட்டில், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வீட்டுக்குள் போக வேண்டும். கெட்டிலின் வடிவத்தைத் 'தண்ணீர் கொதிப்பது' தீர்மானித்தது என்றால், மின்சாரக் கெட்டில் என்ற பொருளே பிறந்ததற்கு மின் நிலையத்தின் பகல் நேரக் கணக்கும் ஒரு காரணம்.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு பொருளைத்தான் ஆழமாகப் பார்க்க முடியும் என்றால் நான் காட்டுவது பிராங்க்பர்ட் சமையலறை. 1926இல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கடும் வீட்டுத் தட்டுப்பாடு. கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் பிராங்க்பர்ட் நகராட்சி ஆயிரக்கணக்கில் சிறு வீடுகள் கட்டியது. அவற்றுக்கான சமையலறை இது; சுமார் 10,000 பொருத்தினார்கள். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் கழுவும் தொட்டி, ஜன்னலடியில் வேலை மேசை, உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. காய்கறிக் கழிவைத் தள்ளிவிட மேசையிலேயே ஒரு தட்டு. மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு 18 அலுமினிய இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்து, நேரே பாத்திரத்தில் கொட்ட மூக்கு வைத்து. மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, ஓக்கில் புழு வராது என்பதால். நீலப்பச்சை நிறம் அடித்தது ஈ அண்டாது என்ற நம்பிக்கையில்.

ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. இன்னொன்று தொழிற்சாலையில் இருந்து வந்தது. தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த டெய்லர் என்ற பொறியாளரின் முறையை, அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃபிரெடெரிக் ஏற்கெனவே வீட்டு வேலைக்குக் கொண்டுவந்திருந்தார். லிஹோட்ஸ்கி ஓர் இடதுசாரி. பின்னாளில் நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தினால் அவள் வெளியே வேலைக்கும் போகலாம், ஓய்வாகவும் இருக்கலாம் என்பது அவருடைய நோக்கம். ஆனால் இந்தச் சமையலறைக்குள் இருக்கும் கற்பனை ஆள் ஒரே ஒருவர். இரண்டாவது ஆள் நிற்க இடமே கிடையாது. அதற்கு முன்பு தொழிலாளர் வீடுகளில் குடும்பம் முழுக்கக் கூடும் சூடான இடமே சமையலறைதான். இப்போது பெண் மட்டும் உள்ளே தனியாக. பழைய மேசை, அலமாரி எதுவும் உள்ளே நுழையாது என்று குடியிருந்தவர்கள் குறைப்பட்டார்கள். 1970களில் பெண்ணியவாதிகள் இதையே பெண்ணை அடைத்து வைத்த அறை என்று விமர்சித்தார்கள். விடுதலைக்காகச் செய்ததும் அடைத்து வைத்ததும் ஒரே அறைதான். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. வீட்டு வேலை பெண்ணுடையது என்ற ஒன்றை மட்டும் அவர் கேள்வி கேட்காமல் விட்டார், மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்.

நேரம் மிச்சமானதா? ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் அமெரிக்கக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார். வெளிவேலைக்குப் போகாத பெண்கள் 1920களில் வாரத்துக்கு ஏறக்குறைய 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர், ஃபிரிட்ஜ் எல்லாம் வந்த பிறகு 1960களில் 55! மெஷின் வந்ததும் துணி துவைக்கும் தடவை கூடியது, 'சுத்தம்' என்பதன் அளவுகோல் உயர்ந்தது, வீட்டு வேலையாளும் சலவைக்காரரும் செய்துவந்தது குடும்பத் தலைவியின் தலையில் வந்து விழுந்தது. உழைப்பைக் குறைக்கும் சாதனம் என்று விளம்பரம் சொன்னால், யாருடைய உழைப்பு என்று கேட்பது இதனால்தான்.

அமெரிக்கக் கார்களில் கற்பனை ஆள் வேறு. ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும் ஒரு சேஸி (காரின் அடிச்சட்டம்) கோக்கும் நேரம் பன்னிரண்டரை மணியில் இருந்து ஒன்றரை மணிக்கு இறங்கியது. ஒரே மாடலை ஒன்றரைக் கோடி செய்தார்கள். ஃபோர்டின் மனதில் இருந்தவர் ஒரு தடவை வாங்கி, பழுது பார்த்து, வருடக்கணக்கில் ஓட்டும் ஆள். 1920களின் நடுவில் அந்த ஆளிடமெல்லாம் கார் வந்துவிட்டது. இனி யாருக்கு விற்பது? ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் புது ஆளைக் கற்பனை செய்தார்: ஓடுகிற கார் இருந்தும் பக்கத்து வீட்டில் நிற்கும் காரின் நிறத்தைப் பார்த்து மனசு மாறும் ஆள். சீக்கிரம் காயும் புது வகைப் பெயிண்ட் வந்திருந்ததால் வண்ணம் சாத்தியமானது. தவணைக் கடன் கொடுக்கச் சொந்தக் கம்பெனியே இருந்தது. 1927இல் ஹார்லி ஏர்லை வைத்துத் தோற்றத்துக்கென்றே தனிப் பிரிவு. அதே 1927இல் மாடல் டி நின்றது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் 1929இல் ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரைத் திருப்தியில்லாமலே வைத்திருங்கள் என்பதுதான் தலைப்பு. இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

பிறகு வந்த பொருளாதார மந்தத்தில்தான் அமெரிக்காவில் வடிவமைப்பாளர் என்பது தனித் தொழிலாக நிலைத்தது. நார்மன் பெல் கெடஸும் ஹென்றி டிரெஃபஸும் நாடக மேடை அமைப்பில் இருந்து வந்தவர்கள், ரேமண்ட் லோவி ஃபேஷன் படம் வரைந்தவர், வால்டர் டார்வின் டீக் விளம்பரப் படம் வரைந்தவர். அதாவது முகப்பு எப்படி இருந்தால் சனம் திரும்பிப் பார்க்கும் என்பது தெரிந்தவர்கள். காற்றைக் கிழித்துப் போகும் விமானச் சாயல் எல்லாவற்றிலும் ஏறியது. லோவி பென்சில் சீவும் மெஷினுக்கே அந்த வடிவம் கொடுத்தார். மேசையை விட்டு அசையாத பொருள் அது!

இதுவரை தயாரிப்பாளர்களின் பக்கம். பயன்படுத்துபவர்கள் சும்மா இருக்கவில்லை. எர்ல் டப்பர் 1946இல் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் டப்பாவைக் கொண்டுவந்தார். பெயிண்ட் டின் மூடியைத் தலைகீழாக யோசித்துச் செய்த மூடி, காற்றுப் புகாது. பத்திரிகைகள் பாராட்டின, கடையில் டப்பா விற்கவில்லை. மூடியின் நடுவை அழுத்திக்கொண்டே ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை 'புஸ்' என்று வெளியே விட்டால்தான் அது சரியாக மூடும். கடை அலமாரியில் இருக்கும் டப்பா இதைச் சொல்லித் தராது. வீடுகளில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி இதைச் செய்து காட்டிய விற்பனைப் பெண்களிடம் மட்டும் சரக்கு பறந்தது. அவர்களில் முன்னால் நின்றவர் பிரவுனி வைஸ். 1951இல் டப்பர் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு அவரைத் துணைத் தலைவராக்கினார். 1958இல் அவரை வெளியே அனுப்பினார். அதே ஆண்டு கம்பெனியை 1.6 கோடி டாலருக்கு விற்றார். வைஸுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அருங்காட்சியகங்களில் டப்பாவின் கீழ் டப்பரின் பெயர்தான் இருக்கும். வடிவமைப்பு என்றால் வடிவம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அது சரி. அந்த 'புஸ்'ஸைச் சொல்லிக் கொடுத்தது வடிவமைப்பில் சேருமா என்றால், சேரும் என்பேன்.

வாக்மேன் என்ற கையடக்கக் கேசட் பிளேயர் இன்னும் நல்ல உதாரணம். 1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் மாடலில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டுச் சத்தம் குறைந்து, சின்ன மைக் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளலாம். காரணம், ஒருவர் மட்டும் தனியாகக் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்தார். அவர் மனதில் இருந்தது சேர்ந்து நடக்கும் ஜோடி. வாங்கியவர்கள் செய்தது நேர்மாறு. நெரிசலான ரயிலில் நாலு பேர் நடுவில் தனியாக இருக்கத்தான் அது வேண்டியிருந்தது. பின்னால் வந்த மாடல்களில் பொத்தானைக் காணோம். பொதுவிடத்தில் தனியாக இருப்பது என்ற புது வழக்கத்தைச் சோனி கண்டுபிடிக்கவில்லை, அதற்கு எதிராகத்தான் பொத்தானே வைத்தது.

கடைசியாக, கற்பனை ஆளை மறைக்காமல் படமாகவே வரைந்தவரைப் பற்றி. டிரெஃபஸ் அலுவலகத்தில் இரண்டு உருவங்கள் இருந்தன: ஜோ, ஜோசஃபின். கை எவ்வளவு நீளும், விரல் எவ்வளவு அழுத்தும் என்று உடல் அளவுகளெல்லாம் குறித்த வரைபடங்கள். 1955இல் அவற்றை வெளியிட்டார். மனித உடலுக்குப் பொருள் பொருந்த வேண்டுமே தவிரப் பொருளுக்கு உடல் இல்லை என்ற அந்த எண்ணம் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அவரே எழுதிய வேலைப் பங்கீட்டில் ஜோ விமான இருக்கையில் உட்காருகிறார், டாங்கிக்குள் நுழைகிறார், டிராக்டர் ஓட்டுகிறார். ஜோசஃபின் இஸ்திரி போடுகிறார், டெலிபோன் சுவிட்ச்போர்டில் உட்காருகிறார், வேக்குவம் கிளீனர் தள்ளுகிறார், கடிதம் டைப் அடிக்கிறார்.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. கார் மோதல் சோதனைக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட பொம்மை 1970களில் சராசரி ஆண் உடலை வைத்துச் செய்தது. பெண் பொம்மை என்று பிறகு வந்தது பெரும்பாலும் அதையே சின்னதாக்கியது. இடுப்பெலும்பு, கழுத்துத் தசை வேறுபாடுகளுக்கு அதில் இடமில்லை. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரே மாதிரி விபத்தில் சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநர் பலத்த காயமடையும் வாய்ப்பு ஆண் ஓட்டுநரைவிட 47 சதவீதம் அதிகம் என்று சொன்னது. சராசரிப் பெண் உடலைக் கணக்கில் எடுத்து, பின்பக்க மோதலுக்கென ஒரு பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு 2022இல்தான் காட்டியது.

இதைப் படிக்க ஆசை இருந்தால் பெரிய வடிவமைப்பாளர்களின் பட்டியலில் இருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காப்புரிமை வரைபடங்கள், பழைய விற்பனைக் கேட்டலாக், பயன்படுத்தும் முறை சொல்லும் கையேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காப்புரிமையில் எந்திரம் மட்டும் இருக்கும், கேட்டலாக்கில் கனவு காணும் ஆள் இருப்பார், கையேட்டில் 'இப்படிச் செய்யாதீர்கள்' என்ற எச்சரிக்கைகள் இருக்கும். அந்த எச்சரிக்கைகளைத்தான் நான் முதலில் படிப்பேன். ஜனங்கள் அப்படிச் செய்துகொண்டிருந்ததால்தான் அவற்றை அச்சடித்திருப்பார்கள். அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பளபளப்பாக நிற்கும் பொருள் அனேகமாக யாரும் அதிகம் பயன்படுத்தாதது. நிறையப் பயன்பட்டவை தேய்ந்து, உடைந்து, பழைய இரும்புக்குப் போய்விட்டன.